ஸ்டார்ட் ஆச்சா?

1

இந்தக் கதை ஒரு காக்கையின் குரலில் இருந்து பிறந்தது. எங்கள் ஏரிக்கரைக் காக்கை அல்ல, நாகர்கோவில் காக்கை. நான் நாகர்கோவிலுக்குப் போனதில்லை. அது கரைந்தது ஒரு வாட்ஸப் குழுவில்.

ஆனால் காக்கையில் தொடங்கினால் வாசிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. அதனால் காரில் தொடங்கிப் பார்த்தேன்:

'பழவேற்காடு ஏரிக்கரையில், வலைகளுக்கும் படகுகளுக்கும் நடுவே, ஒரு நீல நிறப் பழைய பியட் கார் தன்னந்தனியாக—'

அடித்துவிட்டேன். அந்தக் கார் ஒரு நாளும் தன்னந்தனியாக நின்றதில்லை. அதன் அடியில் எப்போதும் பூனைகள் இருக்கும். இன்னொரு தொடக்கம்:

'அன்று முகத்துவாரத்தில் காற்று திடீரென்று மாறியபோது கவியரசன்—'

இதை அடிக்கவில்லை. ஆனால் இதற்கு மேல் எழுதவும் இல்லை. படகு கவிழ்ந்தது. அண்ணன் கரையேறினார், தம்பி ஏறவில்லை. தம்பி கவியரசன் என் கணவர். இந்தக் கதைக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

2

கவியரசன் மீன்பிடிக்கிறவர். பொன்னேரியில் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் கிடந்த பியட்டை அவர் வாங்கிக்கொண்டு வந்தபோது குப்பமே சிரித்தது. இங்கே உப்புக்காற்றில் சைக்கிள் கம்பியே நிற்காது. "இன்னாடா இது, தகரத்த வாங்கியாந்து துருவுக்குத் தீனி போடப்போறியா?" என்றார் அவருடைய அண்ணன் செங்கல்வராயன்.

இவர் நேரே கடைக்குப் போனார். அந்தக் காலத்து மரப்படகுகளுக்குப் பூசுவார்களே மீனெண்ணெய், அதை ஒரு டின் வாங்கிவந்தார். காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு தகடு முழுக்கப் பூசினார். துரு அண்டவில்லை. பூனைகள் அண்டிவிட்டன. தெருப் பூனைகள் எல்லாம் அதன் அடியில்தான் குடித்தனம். தினமும் வண்டி எடுக்கும்முன் குனிந்து, "ஏய், போ. எழுந்திரு" என்று விரட்டிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார்.

இதை அவர் குழுவில் சொன்னதும் அங்கே ஒரே கலாட்டா. பழைய கார் வைத்திருப்பவர்கள் ஊர் ஊராகச் சேர்ந்திருந்த குழு அது. பெயர், 'ஸ்டார்ட் ஆச்சா?'. அதில் ஒரு வழக்கம் உண்டு. பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லக் கூடாது. அவரவர் வண்டியை அன்று முதல்முறை ஸ்டார்ட் செய்கிற சத்தத்தைப் பதிவு செய்து போடவேண்டும். அதுதான் வணக்கம். கேட்கிறவர்கள் சத்தத்தை வைத்தே நலம் விசாரிப்பார்கள்.

"ஏனுங்க வேலு, பெல்ட் கத்துதே, இன்னுமா மாத்தல?"

"அது பெல்ட் இல்லீங்க்கா, எங்க வூட்டுக் கன்னுக்குட்டி."

"கவியரசா, இன்னிக்கு ரெண்டு தடவ இருமுச்சு. வண்டியா, நீயா?"

நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கார் இருமினால் இத்தனை பேர் மருந்து சொல்கிறார்களே என்று சிரிப்பு வரும். பிறகு ஒரு விஷயம் நடந்தது. சேலத்துக் காந்தா அக்கா, தையல்கடை வைத்திருப்பவர், விழுந்து கையை உடைத்துக்கொண்டார். கை கூடும்வரை ஈரோட்டு வேலு வாரம் தவறாமல் பஸ் ஏறிப் போனார். அக்காவுடைய காரை எழுப்பி, அந்தச் சத்தத்தை அவருடைய போனிலேயே பதிந்து, அவர் பெயரில் போட்டுவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பினார்.

(இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும் என்று தெரியும். முகம் தெரியாதவர்கள் இவ்வளவு நல்லவர்களாக இருப்பார்களா? கதையில் ஒரு கெட்டவராவது வேண்டாமா? தேடிப் பார்த்தேன். ஹாரன் மாற்றுவது பற்றி ஒருமுறை பெரிய சண்டை நடந்தது. அதற்குமேல் எதுவும் அகப்படவில்லை.)

3

எனக்கு இந்தக் கதையில் நம்பிக்கை வராத பாத்திரம் ஒருவர்தான். நாகர்கோவில் சாம்சன் அண்ணன்.

மற்றவர்களுக்காவது குரலை வைத்து ஒரு உருவம் செய்துகொள்ள முடிந்தது. வேலு ஒல்லி. காந்தா அக்கா கழுத்தில் இஞ்சுடேப். சாம்சன் மட்டும் எந்த உருவத்துக்கும் அடங்கவில்லை. குழுவில் தினமும் முதலில் வருகிற சத்தம் அவருடையது. சுத்தமான சத்தம், ஒரு இருமல் கிடையாது. தன் காரைப் பற்றி மட்டும் ஒன்றும் பேசமாட்டார். பிறர் கார் என்றால் பொழுது போவது தெரியாமல் பேசுவார். ஆளே இல்லாத ஒரு குரலோ என்றுகூட நினைத்திருக்கிறேன். எழுதுகிறவளே சந்தேகப்படுகிற பாத்திரம் கதையில் நிற்குமா?

நிற்கட்டும்.

4

கவியரசன் போன பிறகு அவருடைய போனில் இருந்து நான்தான் குழுவுக்குச் சொன்னேன். எழுதாமல் குரலில் சொன்னேன்.

மறுநாள் காலை குழுவில் ஒரு சத்தமும் வரவில்லை. பேசி வைத்துக்கொண்டார்களா என்று தெரியாது. எவரும் வண்டி எடுக்கவில்லை. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மௌனத்தைக் கேட்டேன். எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்த யாரும் அவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கவில்லை.

இங்கே எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒருவர் போய்விட்டால் கருமாதி முடியும்வரை அவர் படகைத் தண்ணீரில் இறக்கமாட்டோம். கரையில் ஏற்றிக் கட்டிப்போட்டு, தார்ப்பாயால் மூடிவிடுவோம். யாரும் தொடக்கூடாது. படகு போய்விட்டது. அதனால் மாமா, அதாவது செங்கல்வராயன், அதே மரியாதையைக் காருக்குச் செய்தார். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். தார்ப்பாயை இறுக்கிக் கட்டினார். நங்கூரம் போடுகிற மாதிரி ஹேண்ட்பிரேக்கை முழு பலத்தோடு இழுத்துவிட்டார்.

கருமாதி முடிந்தது. அவிழ்க்க யாருக்கும் மனம் வரவில்லை. மாதங்கள் போயின. பூனைகள் மட்டும் வழக்கம்போல.

5

ஐப்பசியில் புயல் அறிவித்தார்கள். ஏரி ஏறினால் எங்கள் வாசலுக்கு வரும். வருவது உப்புத்தண்ணீர். என்ஜினுக்குள் போய்விட்டால் அந்தக் காரின் சத்தத்தை இனி யாரும் கேட்கப் போவதில்லை. எனக்கு வேறு எந்தச் சாமானைப் பற்றியும் கவலை இல்லை.

தார்ப்பாயை அவிழ்த்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, தெரு ஆட்கள் சேர்ந்து தள்ளினார்கள். அசையவில்லை. புயல் காப்பக மேடு கண்ணுக்கு எதிரே இருக்கிறது. கார் நகர மறுக்கிறது. குழுவில் கேட்டேன். வேலுதான் முதலில் வந்தார்.

"அண்ணி, ஹேண்ட்பிரேக் போட்டா நிறுத்துனீங்க?"

"மாமா இழுத்து உட்டாருங்க. நங்கூரம் மாதிரின்னு."

சாம்சன் குரல் பாய்ந்து வந்தது. "அடப்பாவி மனுசா! உப்புக்காத்துல மாசக்கணக்கா அப்படிப் போட்டா பின்சக்கரத்துக்குள்ள பிரேக்கு ஒட்டிக்கிடுமே!"

மாமா பக்கத்தில்தான் நின்றார். "யாரும்மா அது, என்னப் பாவின்றாரு?"

"நாகர்கோவில் அண்ணன், மாமா."

"நாகர்கோவில்லருந்து திட்றாரா!" வேட்டியை மடித்துக் கட்டினார். "சரி, திட்டட்டும். இன்னா செய்யணும்னு கேளு."

ஜாக்கி வைத்துப் பின்சக்கரத்தைக் கழற்றினோம். உள்ளே இருக்கிற இரும்பு உருளையின்மேல் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டச் சொன்னார்கள். தட்டுகிற சத்தத்தைப் பதிந்து போடவும் சொன்னார்கள். மாமா தட்ட, நான் பதிந்து அனுப்பினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. சேலத்திலும் ஈரோட்டிலும் நாகர்கோவிலிலும் அவரவர் வேலையைப் போட்டுவிட்டு எங்கள் வாசல் சுத்தியல் சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்டார்கள்.

"டொக்குன்னு கேக்குது. இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு, பானு" என்றார் காந்தா அக்கா.

"அண்ணி, கொஞ்சம் மேல தட்டச் சொல்லுங்க."

"மாமா, இன்னும் மேலயாம்."

"எத்தினி பேரும்மா எனக்கு மேஸ்திரி?"

ஒரு தட்டலில் சத்தம் மாறியது. மணி அடித்த மாதிரி 'டிங்' என்றது. அனுப்பினேன். எங்களுக்கு அர்த்தம் புரிவதற்குள் சாம்சன், "விட்டாச்சு! விட்டாச்சு தங்கச்சி! அடுத்த சக்கரத்துக்குப் போங்க" என்றார்.

பிறகு படகு இழுக்கிற கயிற்றைக் கட்டித் தெருவே இழுத்தது. நான் ஸ்டியரிங் பிடித்தேன். மேட்டில் நிறுத்தியபின் மாமா கையைப் பிரேக்கின் பக்கம் கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டு, கல் தேடப் போனார்.

புயல் கடந்தபின் வந்து பார்த்தால், கார் நின்றிருந்த இடத்தில் முழங்கால் தண்ணீர். அதில் இறால் குஞ்சுகள் துள்ளின.

6

வண்டி தப்பியது. சத்தம் தப்பியதா என்பது இன்னும் பாக்கி.

நல்ல சத்தம் எப்படி இருக்கும் என்று காது பழகுவதற்காகக் கவியரசன் போனில் இருந்த பழைய பதிவுகளைக் கேட்டேன். "ஏய், போ. எழுந்திரு." பிறகு என்ஜின். அதிகம் கேட்க முடியவில்லை. சாம்சன் பதிவுகளுக்குத் தாவினேன். என்ஜின், அதன் நடுவில் ஒரு காக்கை. முந்தின நாள் பதிவு: என்ஜின், அதே இடத்தில் அதே காக்கை. அதற்கு முந்தின மாதம்: அதே காக்கை.

காந்தா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அக்கா, சாம்சன் அண்ணன் வண்டி..."

"அவர்கிட்ட வண்டி இல்ல பானு. வித்து ரொம்ப வருசமாச்சு. கண்ணு சரியாத் தெரியாமப் போச்சு அவருக்கு. விக்கறதுக்கு முன்னாடி பதிஞ்சு வச்ச சத்தம் அது ஒண்ணுதான்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். உன் வூட்டுக்காரருக்கும் தெரியும். யாரும் கேக்கமாட்டோம்."

கவியரசன் என்னிடம்கூட அதைச் சொல்லவில்லை. இந்தக் கதையை எழுத உட்கார்ந்தது அன்றுதான். எந்தப் பாத்திரத்தை நம்பவில்லையோ அவருக்காக.

(சாம்சன் அண்ணன் இதைப் படிக்கமாட்டார். யாராவது படித்துக் காட்டுவதாக இருந்தால் இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.)

7

முடிவுகள்.

முதலாவது: சாவியைத் திருப்புகிறேன், கார் முதல் முயற்சியிலேயே உறுமுகிறது, குப்பமே கைதட்டு— வேண்டாம். பழைய பியட் அப்படிச் செய்யாது. குழுவில் சிரிப்பார்கள்.

இரண்டாவது: கார் எழவில்லை. பொன்னேரி பஸ்ஸில் இருந்து வேலுவும் காந்தா அக்காவும் இறங்குகிறார்கள், சாம்சனைக் கைபிடித்து இறக்குகிறார்கள். அவர் என்ஜின்மேல் காதை வைக்கிறார். எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் அவருக்கு நான் ஒரு முகம் எழுதவேண்டியிருக்கும். கைவிட்டேன்.

மூன்றாவது, நடந்தது. நடந்ததில் சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன். மாமா தன் படகு பேட்டரியைத் தோளில் தூக்கிவந்து இணைத்தார். "சோக்கு கம்பிய இழுத்துட்டு நிதானமாத் திருப்புன்னு உன் அண்ணமாருங்க சொல்றாங்க" என்றார். இப்போதெல்லாம் அவரும் குழுவில் இருக்கிறார். வாசனை பிடித்துப் பூனைகள் மேட்டுக்கும் வந்துவிட்டன. நான் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை, கவியரசன் பெயரில், குழுவில் ஒரு சத்தம் வந்திருந்தது.

"ஒரு இருமல் இருக்குதுங் அண்ணி, பிளக்கைப் பாருங்க" என்றார் வேலு. காந்தா அக்கா தன் காரின் சத்தத்தைப் போட்டார். "நல்ல சத்தம் தங்கச்சி. நாளைக்கும் போடுங்க" என்றார் சாம்சன்.

எப்போது பதிந்தது என்று யாரும் கேட்கவில்லை. கவியரசனுடைய பழைய பதிவுகளும் அதே போனில்தான் இருக்கின்றன.

நீங்கள் குழுவில் இல்லாதவர். கேட்க உரிமை உண்டு. ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். எழுத்தில் என்னால் தர முடிந்தது அந்தப் பதிவின் ஆரம்பம் மட்டும்தான். காதில் வைத்துக்கொள்ளுங்கள். யாரோ குனிகிறார்கள்.

"ஏய், போ. எழுந்திரு."

சாவி திரும்புகிறது. இனிச் சத்தத்தை நீங்கள்தான் போடவேண்டும்.