இலவசக் கண்

மாலை ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு ஜினபாலன் வீட்டுக்குள் நுழைந்தார். மார்கழி மாதம். வெளிச்சம் இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்.

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஏற்றிய லாரி விக்கிரவாண்டியில் பழுதாகி, பகல் முழுக்க அதன் நிழலில் நின்றிருந்தார். சுற்றிலும் ஓட்டல்கள். எதிலும் அவர் கை நனைப்பதில்லை. சமணர்கள் என்பதால் இருட்டியபின் சாப்பிடும் வழக்கமும் அந்த வீட்டில் இல்லை. இப்போது விட்டால் நாளைக் காலைதான்.

"குசுமா, தட்டு வை," என்றார் மனைவியிடம்.

"இருங்க. செக்கிங் நடக்குது."

அடுப்படி மேடையில் கேப்பை அடை ஆறிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஒரு கேமரா. மகன் வைபவ் லேப்டாப்பை மடியில் வைத்திருந்தான்.

கேமரா அவர்களுடைய திண்டிவனம் கடைக்காக வாங்கியது. சொத்தை மல்லாட்டையைக் கண்டுபிடிக்க வைபவ் ஒரு வருடமாகப் படமெடுத்துக் கம்ப்யூட்டரைப் பழக்கினான். போன மாதம் ஒரு வெளிநாட்டு கம்பெனி, ஊர் உலகத்துப் படங்களையெல்லாம் பார்த்துப் பழகிய ஏ.ஐ. மாடல் ஒன்றை இணையத்தில் இலவசமாக விட்டது. எதைத் தேட வேண்டுமோ அதன் பேரைத் தட்டினால் போதும். அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போடும். சொத்தையை முதல் நாளே பிடித்தது. வைபவ் தன் ஒரு வருடப் படங்களை அழித்துவிட்டான்.

குசுமா அதை அடுப்படிக்குக் கேட்டாள். கீரையை இலை இலையாகப் புரட்டிப் பூச்சி பார்ப்பவள் அவள். கண்ணாடி மாற்றியும் திருப்தியில்லை.

இப்போது 'பூச்சி' என்று தட்டியதில் அடை முழுக்கச் சிவப்புக் கட்டங்கள்.

"பூச்சிங்க," என்றாள் குசுமா.

ஜினபாலன் குனிந்து பார்த்தார். "சீரகம்டி."

"எனக்கும் சீரகமாத்தான் தெரியுது. அதுக்குப் பூச்சியா தெரியுதே."

"சீரகம் போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் இன்னா?"

"சந்தேகம் வந்துட்ச்சுங்க. வந்த பிறவு எப்படிப் போடறது?"

அந்தச் சட்டம் அவருடையது. விழுப்புரத்தில் மச்சான் கல்யாணத்தில் ஒரு அண்டா சாம்பாரைச் சந்தேகத்தின் பேரில் கொட்டவைத்தவர்.

"யாருடா இத குடுத்தான்?"

"வெளிநாட்டுக் கம்பெனிப்பா. ஃப்ரீ."

"காசு வாங்காம குடுத்தான்ல, அதான் நம்ம சோத்துல கை வெக்கிறான்."

"அது மேல தப்பு இல்லப்பா. எவ்ளோ நிச்சயமா இருந்தா கட்டம் போடணும்னு ஒரு நம்பர் இருக்குது. ஏத்திடறேன்."

ஏற்றினான். கட்டங்கள் மறைந்தன. ஜினபாலன் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"பூச்சி இல்லன்னு சொல்லுதா, இல்ல நீ அத வாய மூடச் சொன்னியா?" என்றாள் குசுமா.

வைபவுக்குப் பொய் வராது. "வாய மூடச் சொன்னேன்."

அடை ஓரம் போனது. நம்பரைப் பழையபடி இறக்கினான். முருங்கைக்கீரையில் காம்புகளுக்கெல்லாம் கட்டம் விழுந்தது. அதுவும் ஓரம் போனது.

"வெறும் சோறு வடி," என்றார் ஜினபாலன். குரல் இறங்கியிருந்தது.

வடித்தாள். கேமராவுக்குக் கீழே தட்டை வைத்தார்கள். ஒரு கட்டமும் இல்லை.

"சுத்தம்பா!"

குசுமா ஜன்னலைப் பார்த்தாள். "பொழுது சாஞ்சிட்ச்சுங்க. இனிமே காலைலதான்."

ஜினபாலன் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்தார்.

"வைபவ், கேமராவ தூக்கிக்கினு வாசலுக்கு வா."

"எதுக்குப்பா?"

"மேற்கால புடி. சூரியன்னு தட்டு."

"அப்பா..."

"ஜல்தி தட்டுடா."

தட்டினான். தெருக்கோடியில் அப்போதுதான் எரிந்த விளக்கைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுந்தது.

"அது தெருவிளக்குங்க," என்றாள் குசுமா.

ஜினபாலன் உள்ளே போய்ச் சோற்றுத் தட்டோடு திரும்பினார். வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"சீரகத்துக்கு அத நம்பின. சூரியனுக்கு மட்டும் நம்ப மாட்டியா?"