அந்தோனிமுத்துவின் மிச்சப் பஞ்சு

2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, இத்தாலியின் பலெர்மோ நகரத்துக் கபோச் சந்தையில் மத்தி மீன் விற்கும் தொத்தோ என்பவர் தன் மின்சிகரெட்டை ஒரேயொரு தடவை இழுத்து, பதினொரு நிமிடம் இடைவிடாமல் புகை விட்டார். பக்கத்தில் ஒலிவ்காய் விற்றவர் கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தபடியால் இதில் பிழையில்லை. நாலாவது நிமிடத்தில் தொத்தோவின் மனைவி அவருடைய முதுகில் ஓங்கி அடித்துப் பார்த்தாள். ஆறாவது நிமிடத்தில் அவர் புகையை விட்டபடியே மீன் வாங்க வந்த ஒரு சிஞ்ஞோராவுக்கு அரைக் கிலோ மத்தி நிறுத்துக் கொடுத்தார். புகையில் கைவைத்துப் பார்த்தவர்கள், குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தது மாதிரி இருந்தது என்றார்கள். எட்டாவது நிமிடத்தில் அதற்குள் ஒரு இராகம் கேட்டது. கால்பந்து மைதானத்தில் கத்துவதைத் தவிர தொத்தோவுக்கும் சங்கீதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விட்டு முடித்த பிறகு, மத்தியானக் கோயில் மணி அடிக்கும்வரை, மூச்சு எடுக்கவேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. என்ன நடந்தது என்று கேட்டவர்களிடம், நல்ல கொயில், ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையப் பக்கம் இருக்கிற ஸ்ரீலங்காக்காரன் கட்டித் தந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு மீனுக்குத் தண்ணீர் தெளித்தார்.

அந்த ஸ்ரீலங்காக்காரன் மன்னாரைச் சேர்ந்த கொட்வின். வயது நாற்பத்தாறு. காலையில் ஒரு வைத்தியரின் வீட்டைத் துடைத்துவிட்டு, பின்னேரங்களில் கைபேசி திருத்தும் கடையொன்றில் யன்னலோரமாக மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். மின்சிகரெட்டுக்குள் திரவத்தைச் சூடாக்கிப் புகையாக்குகிற கொயில் கருகினால் அநேகம் பேர் குப்பையில் எறிந்துவிட்டுப் புதிது வாங்குவார்கள். எறிய மனமில்லாதவர்கள் கொட்வினிடம் வருவார்கள். அவர் திரவத் தொட்டியைக் கழற்றி, கருகிய பஞ்சைச் சின்னக் குறட்டால் இழுத்தெடுப்பார். வெறுங் கம்பிச் சுருளுக்கு மின்சாரம் கொடுத்து, அது நடுவிலிருந்து ஓரத்துக்குச் சீராகச் சிவக்கிறதா என்று பார்ப்பார். ஒரு சுற்று மட்டும் முந்திச் சிவந்தால் மெல்ல நெரித்து மற்றச் சுற்றுகளோடு சேர்ப்பார். கரியைத் தூரிகையால் தட்டி, கழுவி, உலர்த்தி, புதுப் பஞ்சைத் திரித்துச் சுருளுக்குள் நுழைப்பார். பஞ்சு இறுகிப்போனால் திரவம் ஊறாமல் கருகல் அடிக்கும். தளர்ந்துபோனால் வாய்க்குள் கொப்பளிக்கும். அந்தப் பதம் கொட்வினின் விரலுக்குத்தான் பிடிபட்டிருந்தது. அவர் தன் வாழ்நாளில் ஒருநாளும் புகைத்ததில்லை; இதை அவரே வேண்டியதற்கு மேலாகச் சொல்லிக்கொள்வார்.

அடுத்தநாள் தொத்தோ நன்றி சொல்ல வந்து, தன் வாயிலிருந்து வந்த இராகத்தை முனகிக் காட்டினார். கொட்வினின் கையிலிருந்த குறடு கீழே விழுந்தது. அது வியாகுலப் பிரசங்கம். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தவக்காலத்தில் ஆண்டவருடைய பாடுகளை ஒப்பாரியாக இழுத்துப் பாடுவார்களே, அது. தொத்தோ முனகியது பூங்காவனத்தில் ஆண்டவர் இரத்த வேர்வை வேர்க்கிற முதற் பகுதி. அதை அப்படி ஒரே மூச்சில் இழுக்கக்கூடிய ஆள் பலெர்மோவில் ஒருவர்தான் இருந்தார். அவர் அந்தோனிமுத்து. அவர் டிசம்பரில் இறந்துபோனார்.

அந்தோனிமுத்துவும் கொட்வினும் ஒரே அறையில் ஆறு வருடம் இருந்தவர்கள். ஒருவருடைய சேர்ட்டை மற்றவர் போட்டுக்கொண்டு குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்குப் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, எடுக்கப் போனவர்கள். ஒவ்வொரு பெரிய வெள்ளியும் பிரசங்கத்தை முடிக்கிறது அந்தோனிமுத்துதான். முடித்த கையோடு அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. அந்த வருடத்தில் தனக்கு மனத்தாங்கல் வந்த ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, "பொறுத்துக்கொள்ளும்" என்பார். பெயர் சொல்லப்பட்டவர் இருந்த இடத்திலிருந்தே "பொறுத்தேன்" என்று சொல்லவேண்டும். அதைக் கேட்பதற்கென்றே பெண்கள் முன்வாங்கில் இடம் பிடிப்பார்கள். 2019ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், கோயில் சபைக் கூட்டத்தில் கொட்வின் எழும்பி, "அந்தோனிமுத்து அண்ணைக்கு இனி மூச்சுக் காணாது, வேறை ஆளைப் பாப்பம்" என்று சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அந்தோனிமுத்துவுக்கு அப்போது சிகரெட்டை விட்டு மின்சிகரெட்டுக்கு மாறிய புதிது, இருமல் நிற்கவில்லை, அதற்குக் கொயில் கட்டிக் கொடுத்தவரே கொட்வின்தான். ஆனால் சபைக்கு நடுவில் சொல்லுகிற கதையா அது? பாட்டு பிறின்ஸ் என்பவரின் கைக்குப் போனது. அன்றிலிருந்து அந்தோனிமுத்து கொட்வினோடு ஒரு சொல் பேசவில்லை. பெரிய வெள்ளிகளில் பெயர் சொல்ல ஆளில்லாமல் போனது. நாலு வருடம் கழித்து, நகரத்தின் சீசாப் பகுதியில் தன் வீட்டில், கோப்பி போடப் போன இடத்தில் அந்தோனிமுத்து விழுந்து இறந்தார். அவருடைய மனைவி மொனிகா ஆள் அனுப்பியபோது, உடலைக் கழுவி உடுத்த முதல் ஆளாகப் போனவர் கொட்வின். கழுவும்போது அழுதார், கழுவி முடித்தும் அழுதார்.

பிழை அங்கேதான் நடந்தது. இறந்தவருக்கு என்று வாங்கிய பஞ்சு, சீப்பு, வாசனைத் தைலம் எதுவானாலும், மிச்சத்தைப் பெட்டிக்குள் வைத்துவிடவேண்டும், வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது. மூக்குக்கும் காதுக்கும் பஞ்சு வைத்தது கொட்வினின் கை. மிச்சச் சுருளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காலுறை போட்டுவிடக் குனிந்தார். பெட்டியைக் காற்றுப் புகாமல் தகடு வைத்து ஒட்டுகிற ஆட்கள் அரை மணித்தியாலம் முந்தி வந்து மூடிவிட்டார்கள். பஸ்ஸில் போகும்போதுதான் பஞ்சு நினைவுக்கு வந்தது. திரும்பிப்போய் மொனிகாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, நாலு வருடக் கூச்சம் அவருக்கு. சுருளை மேசை லாச்சிக்குள் போட்டார். பெப்ரவரியில் கொயிலுக்கான பஞ்சு முடிந்து, புதிது வரத் தாமதமான ஒருநாள், வாடிக்கைக்காரர் காத்திருக்க லாச்சியைத் திறந்தார். நல்ல நீளமான, சுத்தமான பஞ்சு. காத்திருந்தவர் தொத்தோ.

விஷயம் விளங்கியதும் அவர் நிறுத்தியிருக்கவேண்டும். இந்த இடத்தில் கொட்வினுக்காகப் பரிந்துபேச ஒன்றுமில்லை. அவர் நிறுத்தாமல், புதுப் பஞ்சு வந்து சேர்ந்த பிறகும், நெஞ்சு அகலமான வாடிக்கைக்காரராகப் பார்த்து அந்தப் பஞ்சை வைத்துக் கொடுத்தார். இஞ்சையே ஒருக்கா இழுத்துப் பாருங்கள் என்று சொல்லி, பக்கத்தில் நின்று காது கொடுத்தார். ஒரு பஸ் சாரதி கெத்சமெனிப் பூங்காவனத்தில் ஆண்டவரைப் பிடித்துக் கட்டின பகுதியை ஒன்பது நிமிடம் புகையாக விட்டார். மொரீசியஸ்காரி இனெஸ், துணி காயப்போடும் மாடத்தில் நின்று, முள்முடி சூட்டினதைப் பதினாறு நிமிடம் விட்டாள்; கீழ்வீட்டு ஆட்கள் மழைமூட்டம் என்று யன்னலைச் சாத்தினார்கள். ஒவ்வொருவரும் முந்தினவர் விட்ட இடத்திலிருந்துதான் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. புகையும் கலையவில்லை. கடற்காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அது வீட்டுச் சுவரோரமாக, ஆள் நடக்கிற வேகத்தில், சீசாப் பக்கம் போனது. பஸ் தரிப்பிடத்தில் நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

மார்ச் மாதத்தில் மொனிகா கடைக்கு வந்தாள். கறுப்புடுப்போடு, வேலைக்குப் போகிற பையோடு, நின்றபடியே கேட்டாள்.

"கொட்வின், அந்தப் பஞ்சு எங்கை?"

"எந்தப் பஞ்சு, அக்கா?"

"இவருக்கு வாங்கினது. பெட்டி மூடேக்கை சென்ற் இருந்தது, சீப்பு இருந்தது, பஞ்சைக் காணேல்லை. நான் மூண்டு மாசமா இதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

கொட்வின் லாச்சியைத் திறந்து காட்டினார். ஒரு விரலளவு கிடந்தது.

"பின்னேரமானா வாறார்," என்றாள் மொனிகா. "கதவுக்குக் கீழாலை வந்து கதிரையிலை இருக்கிறார். முதல் தோள்மூட்டு மட்டுந்தான் வந்தது. இப்ப பாதத்தைத் தவிர எல்லாம் வந்திட்டுது. கதிரை நனைஞ்சு ஊத்துது. படுங்கோவன் எண்டு சொல்லுறன், அந்த மனுசன் படுக்கேலாமல் இருக்கிறார்."

"அக்கா, எல்லாம் பாடி முடிச்சிட்டார். அடக்கம் பண்ணுற பகுதி மட்டுந்தான் கிடக்கு. அது முடிய அண்ணை பேர் சொல்லுவார்."

"உன்ரை பேரைச் சொல்லுவார் எண்டோ இருக்கிறாய்?"

"நாலு வருசமா இருக்கிறன்."

"சொல்லாட்டி?"

கொட்வின் லாச்சியை மெல்லச் சாத்தினார். மொனிகாவுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அதனாலேயே குரலைக் கடுமையாக்கிக்கொண்டாள். "இந்த மாசக் கடைசிச் செவ்வாய் சேமக்காலையிலை இடம் தாறாங்களாம். இவ்வளவு நாளும் தாக்க இடமில்லாமல் பெட்டி சேமக்காலைக் கொட்டிலுக்குள்ளை கிடந்தது காணும். அந்தப் பஞ்சு அவரோடை போகவேணும். போகாட்டி அவர் என்ரை கதிரையிலையே இருக்கவேண்டியதுதான்."

திங்கட்கிழமை கொட்வின் தன் ஆயுளிலேயே திறமான கொயிலைக் கட்டினார். எட்டுச் சுற்று, எட்டும் ஒரேயடியாகச் சிவந்தது. விரலளவுப் பஞ்சை முழுவதுமாக அதற்குள் நுழைத்து, ஒரு மின்சிகரெட்டில் பூட்டி, திரவம் ஊற்றி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு இழுப்புப் போதும். இழுத்துவிட்டு மிச்சத்தைக் குழிக்குள் போடலாம், இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கும் என்று தனக்குத்தானே நியாயம் சொன்னார். ஆனால் கருகிய பஞ்சில் என்ன மிஞ்சும் என்பது அவரைவிட வேறு ஆருக்குத் தெரியும்?

செவ்வாய்க்கிழமை மலையடிவாரத்துச் சேமக்காலையில் முப்பது பேர் நின்றார்கள். பெட்டியைக் கயிற்றில் இறக்கும்போது கொட்வின் பைக்குள் கைவிட்டு, மின்சிகரெட்டை முடுக்கப் பொத்தானை ஐந்து தடவை அழுத்தினார். துணிக்கு மேலால் நீல வெளிச்சம் தெரிந்தது. மொனிகா அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் அவர் இழுத்திருப்பார். அவள் பேசாமல் நின்றபடியால் அவருக்குக் கை வரவில்லை. தொட்டியைக் கழற்றி, ஈரப் பஞ்சை விரலால் பிடுங்கியெடுத்து, குழிக்குள் போட்டார். தன் பெயர் அதோடு போய்விட்டது என்று நெஞ்சு வெந்தது. பிறகு, கூட்டத்தில் சொன்னதைக் கூட்டத்திலேயே திருப்பவேண்டும் என்று நினைத்து, உரத்த குரலில் சொன்னார்: "அந்தோனிமுத்து அண்ணை, உங்களுக்கு மூச்சுக் காணாது எண்டு நான் சொன்னது பிழை."

மண் போடுகிறவர்கள் அரைக்குழி நிரப்பியபோது, மண்ணுக்குள்ளிருந்து மெல்லிய வெள்ளைப் புகை எழும்பியது. அவர்கள் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு அது முடியட்டும் என்று காத்திருந்தார்கள். புகை சீசாப் பக்கம் போகவில்லை. நேரே வந்து கொட்வினின் மூக்குக்குள் புகுந்தது. அவர் அதை உள்ளே எடுத்தார். பிறகு பத்து நாள் மூச்சு வெளியே விடவில்லை. சாப்பிட்டார், வீடு துடைத்தார், கொயில் கட்டினார். கேட்டதற்குத் தலையை ஆட்டினார். அவர் வேலை செய்யும் வீட்டு வைத்தியர் குழாய் வைத்துப் பார்த்து, சுவாசப்பை நிரம்பியிருக்கிறது, வேறு குறையில்லை, கோப்பியைக் குறைக்கவும் என்றார். மொனிகாவின் கதிரை காய்ந்துவிட்டது.

பெரிய வெள்ளியன்று பிறின்ஸ் சிலுவைச் சாவுவரை நன்றாகவே பாடினார். அடக்கப் பகுதிக்கு வந்தபோது மூச்சுக் காணாமல் நின்றுபோனார். அப்போது கடைசி வாங்கிலிருந்து கொட்வின் வாயைத் திறந்தார். பல்லவி பிடிக்கத் தெரியாத அந்த மனிதரின் வாயிலிருந்து அந்தோனிமுத்துவின் குரல் வந்தது; கூடவே, வாங்குகளுக்குக் கீழால், கணுக்காலைக் குளிரப்பண்ணிக்கொண்டு வெள்ளைப் புகையும் வந்தது. ஆண்டவரைச் சீலையில் சுற்றினார்கள், கல்லறையில் வைத்தார்கள், கல்லைப் புரட்டினார்கள். இருபத்திரண்டு நிமிடம், இடையில் ஒரு தடவைகூட மூச்சு எடுக்கவில்லை. ஒருவரும் ஓடவில்லை. எல்லாருக்கும் தெரிந்த குரல்தானே. முடிந்த கையோடு பெயர்கள் வந்தன. "றோஸ்மேரி, பொறுத்துக்கொள்ளும்." பாடற்குழுவில் இருந்த றோஸ்மேரி நடுங்கி நடுங்கிப் பொறுத்தேன் என்றாள். "யோசேப், பொறுத்துக்கொள்ளும்." யோசேப் அழுதுகொண்டே சொன்னார். "மொனிகா, பொறுத்துக்கொள்ளும்." "பொறுத்தன், நீர் போய்ப் படும்," என்றாள் மொனிகா.

புகை மெலிந்துகொண்டு வந்தது. "கொட்வின் தம்பி," என்றது கொட்வினின் வாய், "பொறுத்துக்கொள்ளும்."

அத்தோடு அந்த மூச்சு முடிந்தது. கோயில் முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது. அவர் வாங்கைப் பிடித்துக்கொண்டு, பத்து நாளைக்குப் பிறகு தன் சொந்த மூச்சை ஒன்று எடுத்து, தன் சொந்தக் குரலில், "பொறுத்தன், அண்ணை" என்றார்.

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த கிழமை சபை கூடி, அடக்கப் பகுதியை இனி வருடாவருடம் கொட்வினுக்கே கொடுப்பது என்றும், பழகத் தேவையில்லை என்றும் தீர்மானித்தது. அடுத்த வருடத் தவக்காலத்திலும் அவர் பத்து நாள் மூச்சு விடாமல் இருந்தார். அந்த நாட்களில் அவரிடம் நீண்ட பதில் வேண்டிய கேள்விகளை ஒருவரும் கேட்பதில்லை. தொத்தோ மட்டும், முந்தின பஞ்சு மாதிரி இப்போது வருவதில்லை என்று இன்றைக்கும் குறை சொல்லுவார். கொட்வின் பஞ்சை இரண்டு மாதம் முந்தியே வரவழைத்து வைத்துக்கொள்கிறார்.