மைனஸ் இருபது

திமிஷோரா நகரில் மருத்துவமனைகளுக்குத் தகவல் பக்கங்கள் தயாரிக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் ஸ்மராந்தா வேலை பார்த்தாள். மருந்து விவரங்கள் உள்ள எக்ஸ்எம்எல் கோப்புகளை உலாவியில் தெரியும் எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றுவது அவள் பொறுப்பு. முந்தின நாள் அந்த மாற்றம் பாதியில் நின்றுவிட்டது.   என்ற இடைவெளிக் குறியீடு என்னவென்றே தெரியாது என்றது நிரல். உலாவிக்குப் பழக்கமான இந்தக் குறியீடுகள் எக்ஸ்எம்எல்லுக்குத் தெரியாது. நாம்தான் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். வெறும் இடைவெளிதானே என்று நினைத்தவள், தெரியாத குறியீடுகளையெல்லாம் நீக்கிவிடும்படி ஒரு வரி சேர்த்தாள். பக்கங்கள் இணையத்தில் ஏறிவிட்டன.

காலையில் பக்கத்து மேசை ஹொராட்சியு காப்பியோடு திரையைப் பார்த்துச் சிரித்தான்.

"இந்தத் தடுப்பூசிய இருபது டிகிரியில வைக்கணுமாமே! நம்ம ஆபீஸ் அலமாரியே போதும் போல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூலக் கோப்பைத் திறந்தாள். −20 என்று இருந்தது. அவள் சேர்த்த வரி மைனஸ் குறியையும் நீக்கியிருந்தது.

பக்கத்தை உடனே இணையத்திலிருந்து எடுத்தாள். பதிவின்படி அதுவரை அதைத் திறந்திருந்தது மலைப்பக்கத்துக் கிளினிக் ஒன்றுதான். அங்கே அழைத்தாள்; போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

"கூட்டமா இருக்கும், எடுப்பாங்க" என்றான் அவன்.

"கூட்டம்னா ஊசி போடுறாங்கன்னுதானேடா அர்த்தம்!"

மறுபடி அடித்தாள். கடைசியில் நர்ஸ் வெதூரியா எடுத்தாள்.

"சிஸ்டர், புதுசா வந்த தடுப்பூசி ஃப்ரீசர்லதானே இருக்கு?"

"இல்லியே. வெப்சைட்ல இருபதுன்னு போட்டிருந்துச்சு. வந்ததும் வெளிய எடுத்து வச்சுட்டேன்."

"யாருக்காவது போட்டுட்டீங்களா?"

"டாக்டர் இன்னும் வரல. ரோடெல்லாம் பனி. பிள்ளைங்க வந்து உக்காந்திருக்கு."

ஸ்மராந்தாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "போட்டுடாதீங்க. அது மைனஸ் இருபது சிஸ்டர். அந்தப் பக்கத்த ஏத்தினது நான்தான், தப்பு என்னோடது."

"அடக் கடவுளே! நீங்க போடுறத நம்பாம நாங்க எத நம்புறதும்மா?"

கிளினிக்கில் அந்தத் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கி எறிந்தார்கள். தாய்மார்கள் பிள்ளைகளைப் பனியிலேயே திரும்ப அழைத்துப் போனார்கள்.

அன்றே அவள் அந்த வரியை அழித்தாள். எந்தக் குறியீடு எந்த எழுத்து என்று கோப்பின் தலையில் அறிவித்தாள். தெரியாத குறியீடு வந்தால் வேலை நின்றே போகட்டும் என்று விட்டாள். பிறகு ஹொராட்சியு பக்கங்களை வாசிக்க வாசிக்க, அவள் மூலத்தோடு ஒப்பிட்டாள்.

"மைனஸ் இருக்கா?"

"இருக்கு தாயே, இருக்கு."

அடுத்த பெட்டி வந்ததும் வெதூரியாவே கூப்பிட்டாள். "இந்தத் தடவ உங்ககிட்டயே கேட்டுக்கறேன். எவ்வளவு?"

மனப்பாடமாகத் தெரிந்திருந்தும், ஸ்மராந்தா கோப்பைத் திறந்து பார்த்த பிறகுதான் சொன்னாள்.