மூட்டைக்கு அடியில் அறுபத்து நாலு கட்டம்

...யானை இன்னும் அங்கேதான் நிற்கிறது, குதிரை வரிசையில், அடி வீட்டில், அதை மறக்கக் கூடாது, மறந்தால் அதன் காவலில் நிற்கிற சிப்பாய் போச்சு, சிப்பாய் போனால் ஆட்டம் போச்சு, அப்புறம் பந்தல்குடி முழுக்கப் பொய்யன் நல்லகண்ணுதான், இப்போதே பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்... அடுத்த மிளகாய் வத்தல் மூட்டை முதுகில் ஏறியது, நெடி மூக்கில் ஏறியது, கண் எரிந்தது, எரியட்டும், மூடிக்கொண்டால் பலகை நன்றாகத் தெரிகிறது, லாரிக்கு ஏறும் சாய்வுக் கட்டை காலுக்குத் தெரியும், கண் எதற்கு? அந்த லண்டன்காரன் மட்டும் பலகையைப் பார்த்தா ஆடினான்? நூறு வருஷத்துக்கு முந்தி இருந்தவன், ஆடியதையெல்லாம் தானே புத்தகமாக எழுதி வைத்தவன், மீரா சாகிபு கொழும்பிலிருந்து கொண்டுவந்த அந்தப் புத்தகத்தைத் தன் வத்தல் கமிஷன் கடையில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் சொன்னார், கால் வீங்கிக் கட்டையை ஊன்றிக்கொண்டு காப்பிக் கடைக்கு வருவானாம், சுவரைப் பார்த்து உட்கார்ந்து எட்டுப் பேரோடு ஒரே நேரத்தில் வாயாலேயே சதுரங்கம் ஆடுவானாம். கேட்டதை லோடுமேன்களிடம் சொன்னது ஒரு குத்தமா? லாரி டிரைவர் வெள்ளத்துரை சிரித்த சிரிப்பு இருக்கிறதே... ஏலே, கண்ணை மூடுனா சோத்துச் சட்டியே உனக்குத் தட்டுப்படாது, நீ லண்டனுக்குப் போயிட்டியா, எங்க, என்கூட ஒரு ஆட்டம் பாக்காம ஆடி ஜெயிச்சுக் காட்டு, என் வண்டியில கிளீனரா ஏத்திக்கிறேன், தோத்தா எல்லார் முன்னாலயும் பொய்யினு ஒத்துக்க.

கிளீனர். உட்கார்ந்து போகிற வேலை. முழங்கால் இன்னொரு வருஷம் தாங்காது, அது நல்லகண்ணுக்குத் தெரியும், பொண்டாட்டி முத்துலட்சுமிக்கும் தெரியும், ராத்திரி எண்ணெய் தேய்த்துவிடுகிறவள் அவள்தானே... "நல்லகண்ணு, அவுக ராஜா குதிரைப் பாய்ச்சல் பாஞ்சு வெளிய வந்துருச்சுப்பா," கடை வாசலில் பலகையோடு உட்கார்ந்திருந்த சாகிபு எந்த வீடு என்றும் சொன்னார், இவனுக்காகக் காயை நகர்த்துவது அவர்தான். பாயட்டும், நம்ம ஊர் ஆட்டத்தில் ராஜாவுக்கு அந்தப் பாய்ச்சல் ஒரே தடவைதான், இனி நடைதான், நடக்க வழி எங்கே? சுத்திலும் தன் ஆட்களையே காவலுக்கு நிறுத்தியிருக்கிறான் மடையன், மிச்சமிருக்கிற வழியை என் யானை பார்த்துக்கொள்ளும். சிப்பாய் இன்னும் ஒரே எட்டு. வெள்ளத்துரை அதைத் தடுக்கவே இல்லை, "போகட்டும்யா, குதிரை வீட்டுல ஏறுனா குதிரைதான, மந்திரியா ஆகப்போகுது," என்று பீடி பற்ற வைத்தான். லண்டன்காரன் என்றால் மந்திரியே கேட்டு வாங்கியிருப்பான், அவன் ஊர்ச் சட்டம் அப்படி, எனக்கு எதற்கு மந்திரி, குதிரை போதும், குதிரைதான் வேண்டும்...

"சிப்பாய் கடைசி வீடு. குதிரை. ராஜாவுக்குச் செக்."

மூட்டையை இறக்கிவிட்டுத்தான் திரும்பினான், அவசரம் இல்லை. வெள்ளத்துரை ராஜாவை எடுத்தான், அந்த வீட்டில் வைத்தான், இந்த வீட்டில் வைத்தான், திரும்ப எடுத்தான், பீடி விரலைச் சுட்டது. "எல்லா வழியும் அடைஞ்சுபோச்சு வெள்ளத்துரை, எந்திரி," என்றார் சாகிபு. லோடுமேன்கள் சாக்கைத் தூக்கி எறிந்து கத்தினார்கள், பொய்யன் என்றவன்தான் பெரிதாகக் கத்தினான். லண்டன்காரன் நாற்காலியில் உட்கார்ந்து ஆடினான், நான் லோடு ஏத்திக்கிட்டு ஆடினேன், யார்லே பெரியவன்? நெஞ்சு நிமிர்ந்து நின்றது, முழங்கால்கூட வலிக்கவில்லை.

தூத்துக்குடி ரோட்டில் வண்டி வேகம் பிடித்தது. முன்னால் கண்ணாடி, இரண்டு பக்கமும் கரிசல், காற்று முகத்தில் அடித்தது, கிளீனர் சீட்டில் நல்லகண்ணு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். "ஏலே, இன்னொண்ணு ஆடுவோமா, நானும் பாக்காம ஆடுறேன், சாயங்காலம் வரைக்கும் ரோடுதான்," என்றான் வெள்ளத்துரை, தோற்றவன் குரலே இல்லை அது. ஆடு, ஆடு, என்று கண்ணை மூடினான் நல்லகண்ணு. முதல் சிப்பாயைச் சொல்ல வாயைத் திறந்தான்... எந்தச் சிப்பாய், எங்கே நிற்கிறது, கட்டங்கள் வரவில்லை, வெறும் இருட்டு, சீட்டில் சாய்ந்திருந்த முதுகு தானாக முன்னால் குனிந்தது, தோள் எதையோ தேடுகிற மாதிரி... பாரம் இருந்தால்தான் வருமோ அது?

"சொல்லுலே," என்றான் வெள்ளத்துரை.