தலைக்கு மேல் கோடு

1
இந்தக் கதை ஒரு பாட்டில் மூடியிலிருந்து பிறந்தது. ராயபுரத்தில் மாலை வகுப்பில் வேதியியல் படிக்கும் சினேகா என் கதாபாத்திரம். (முதல் வரைவில் ‘நான்’ என்றுதான் எழுதினேன். அந்த ‘நான்’ எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு தனக்கே நியாயம் பேசியது. அடித்துவிட்டேன்.)

2
புரதம் என்பது அமினோ அமிலங்களின் கோவை. அதில் சிஸ்டீனில் மட்டும் ஒட்டி ஒளிரும் ஒரு சாயத்தைத்தான் சினேகாவும் அவள் தோழி ஜன்னத்தும் சோதித்தார்கள். கரைசலின் பி.எச். ஆறு, ஏழு என்றிருந்தால் சாயம் சொன்னபடி கேட்கும். ஒன்பதுக்குப் போனால் லைசின் என்ற இன்னொரு அமிலத்திலும் ஒட்டும்.

“ஆறுல ஒரே தோஸ்து. ஒம்போதுல ஊருக்கே மாமு” என்பாள் ஜன்னத்.

3
அன்று ஆய்வகத்தில் நிலவிய மௌனம்— (இல்லை, மின்விசிறி கத்திக்கொண்டிருந்தது.)

சிஸ்டீனே இல்லாத புரதமும் ஒளிர்ந்தது. சினேகா கரைசல் பாட்டிலின் மூடியைத் திருப்பிப் பார்த்தாள். ஜன்னத் எழுதியிருந்தது 9, அடியில் கோடு. தலைகீழாகப் பார்த்தால் 6, தலைக்கு மேல் கோடு. சினேகாவின் அம்மா பூவம்மா மீன் பெட்டிகளில் ஆறும் ஒன்பதும் குழம்பாமலிருக்க எண்ணுக்கு மேல்தான் கோடு போடுவாள். அடியில் போட்டால் ஐஸ் தண்ணீர் அழித்துவிடும். சினேகா எண் படித்துப் பழகியது அந்தப் பெட்டிகளில்.

4
“தப்பு என்னுதுடி. ஆறுன்னு ஒம்போத எடுத்துட்டேன்.”

“சிஸ்டீன் இல்லாத அந்த ஒரு படத்த அறிக்கைலருந்து தூக்கிடு. மீதியெல்லாம் சூப்பரா மின்னிக்கினு கீது.”

“எல்லாத்துலயும் ஒட்டுனா அது அடையாளமாடி? பெயிண்ட்டு.”

ஜன்னத் சிரிக்கவில்லை. “மறுபடி செய்ய மூணு வாரம். வெள்ளிக்கெழம சார் கையெழுத்து போடலன்னா என்னோட எண்ணூர் கம்பெனி வேல பூடும். உனுக்கு அடுத்த வருசம் கீது. எனுக்கு இன்னா கீது?”

5
சினேகா அறிக்கையில் ஒன்பது என்று எழுதுவதாக ஒரு முடிவு எழுதினேன். அவள் தியாகி போல ஆகிவிட்டாள். அதுவும் ஜன்னத்தின் செலவில். ஆறு என்று எழுதுவதாக இன்னொன்று. அதன்பின் அவள் பேசிய எந்த வாக்கியத்தையும் என்னால் நம்ப முடியவில்லை. (ஜன்னத்தைக் கெட்டவளாக்கினால் கதை எளிதில் முடியும். அவள் கேட்டதோ சரியான கேள்வி.)

ஆகவே இவ்வளவுதான் தெரியும். அறிக்கையில் பி.எச். கட்டம் காலி. சினேகா எண்ணை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசை நடுவே வைத்தாள். கோடு போடவில்லை. எதிரே ஜன்னத் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பேனா இதோ. நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள்?