றாபியா உம்மாவின் பீப்பர்

நிஷ்மியா இலந்தை இலையை அம்மியில் வைத்து அரைக்க ஆரம்பித்ததும் பர்ஸானா சாச்சி ஓடி வந்து குழவியைப் பிடித்துக்கொண்டாள்.

"மையத்தக் குளிப்பாட்ட டவுன்லேந்து பொம்பளைங்க வாறாங்கன்னு பள்ளிவாசல் மஹ்ரூப் ஹாஜியார் சொல்லிட்டுப் போனாரே. நீ எதுக்கு இத அரைக்கிற?"

"வரட்டும் சாச்சி. வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும். எங்க உம்மாவ நான்தான் குளிப்பாட்டுவேன்."

"நீயா? செத்த எலியப் பாத்தாலே கட்டில்ல ஏறி நிக்கிறவ! இவ்வளவு காலத்துல ஒரு மையத்தத் தொட்டிருக்கியா?"

தொட்டதில்லைதான். அதனால் என்ன? நிஷ்மியா குழவியைப் பிடுங்கி மறுபடி அரைத்தாள். காலை ஆறு மணிக்குத் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வாங்கிய உம்மா, ஒரு வாய்கூடக் குடிக்காமல் சாய்ந்துவிட்டாள். நடுப்பகல் ளுஹர் தொழுகையோடு அடக்கம் என்று பள்ளிவாசலில் அறிவித்தாகிவிட்டது. மணி பத்தரை.

பல்லேபொலைக்கு மேலே இருக்கும் இந்தச் சின்ன ஊரில் ஒரு பெண் கண்ணை மூடி மவுத்தானால், "பீப்பர் அடிச்சாச்சா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பெண் ஜனாஸாக்களைக் குளிப்பாட்டுவது நிஷ்மியாவின் உம்மா றாபியாவின் வேலை. கூலி வாங்கமாட்டாள். முப்பது வருஷத்துக்குக் கிட்ட இருக்கும், கொழும்பில் கடை வைத்திருந்த றினோஸ் மாமா அவளுக்கு ஒரு பேஜர் கொண்டுவந்து கொடுத்தார். பேஜராவது கீஜராவது, பீப் பீப் என்று கத்தியதால் ஊருக்கு அது பீப்பர்தான். முற்றத்துச் சாதிக்காய் மரத்தடியில் மட்டும் அதற்குச் சிக்னல் கிடைக்கும். ஆகவே உம்மா அரிசி புடைப்பதும் அங்கே, மரக்கறி வெட்டுவதும் அங்கே. அது கத்தினால் அதில் விழுந்த நம்பரை எடுத்துக்கொண்டு சந்திக் கடைக்குப் போய்க் கோல் எடுப்பாள்.

பேஜர் செத்துப்போனது, கைபோன் வந்தது. பீப்பர் என்ற பேர் மட்டும் போகவில்லை. இரண்டு தடவை ரிங் விட்டு வைத்துவிட்டால் அதுதான் பீப்பர் அடிப்பது. மவுத்து வீட்டுக்காரர் வாயைத் திறந்து அந்தச் செய்தியைச் சொல்லவேண்டியதில்லை. உம்மா திருப்பி எடுத்து, "சொல்லுங்க, எந்த வீடு?" என்று மட்டும் கேட்பாள்.

ஊருக்கு அது நல்ல ஏற்பாடு. நிஷ்மியாவுக்கோ அந்தச் சொல்லே பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் 'பீப்பர்ட மகள்'. பக்கத்தில் உட்கார ஒருத்தியும் வரமாட்டாள். பதினொரு வயதில் ஒருநாள் காலையில் உம்மா சீப்போடு தலை பின்ன வந்தபோது, "அந்தக் கையால என்னத் தொடாதீங்க!" என்று கத்திவிட்டாள். உம்மா சீப்பைக் கொண்டுபோய் அடுத்த வீட்டுப் பர்ஸானா சாச்சியிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு நிஷ்மியாவின் தலையில் உம்மாவின் கை பட்டதே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். இருபத்திமூன்று வருஷமாக ஒரு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பாவி, இன்றைக்கும் கேட்காவிட்டால் என்றைக்குக் கேட்பது?

டவுன் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் மூத்தவள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர், இலந்தை, கற்பூரம், மையத்தைப் பொதியும் கபன் துணி எல்லாம் வரிசையாக இருந்தன.

"முறை தெரியுமா மகள்?"

"தெரியும். உம்மா போன்ல மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்குறதக் கேட்டுக் கேட்டே பாடமாகிட்டு."

"அப்ப மகளே செய்யட்டும். நாங்க பிடிச்சிக் குடுக்குறோம்."

மூடிய துணிக்குள் கையை விட்டபோது நிஷ்மியா பல்லைக் கடித்துக்கொண்டாள். வலப்பக்கம் முதலில், பிறகு இடப்பக்கம். சாச்சி அழுதுகொண்டே தண்ணீர் ஊற்றினாள். உம்மாவின் கை வந்ததும் நிஷ்மியா நின்றுவிட்டாள். மிளகு பறித்துக் கறுத்த விரல்கள். ஒவ்வொன்றாகக் கழுவினாள், கழுவியதையே மறுபடியும் கழுவினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் தலைமுடி. பெண்ணென்றால் மூன்று பின்னலாகப் பின்னி முதுகுப்பக்கம் விடவேண்டும்.

"சீப்பத் தாங்க சாச்சி."

"நான் பின்னவா? ஒனக்கு ஏலாது."

"ஏலும். தாங்க."

ஈரமுடி வழுக்கியது. முதல் பின்னல் கோணலாகப் போனது. அவிழ்த்துத் திரும்பப் பின்னினாள். "உம்மா, மன்னிச்சிக்கங்க உம்மா," என்று எல்லோர் முன்னாலும் வாய்விட்டே சொன்னாள். மூன்றாவது பின்னல் நேராக விழுந்தது.

ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனபிறகு வீடு வெறுமையாகக் கிடந்தது. டவுன் பெண்களும் விடைபெற்றுப் போனார்கள். உம்மாவின் கட்டில் தலைமாட்டிலிருந்த கைபோன் இரண்டு தடவை அடித்து நின்றது.

சாச்சி திடுக்கிட்டுப் பார்த்தாள். "யட்டவத்த ஊர் நம்பர்போல. பாவம், அவங்களுக்கு விஷயம் தெரியாது. மவுத்தாகிட்டாங்கன்னு சொல்லிரு புள்ள. அவங்க வேற ஆளத் தேடட்டும்."

நிஷ்மியா போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள். வாசலிலேயே சிக்னல் இருந்தது. இருந்தும் சாதிக்காய் மரத்தடிக்குப் போய் நின்றுதான் அந்த நம்பரை அழுத்தினாள். மறுபக்கம் யாரோ ஒருவர் பேச வராமல் மூச்சு வாங்குவது கேட்டது.

"சொல்லுங்க," என்றாள். "எந்த வீடு?"

சாச்சி, குளிப்பாட்டப் போகும்போது உம்மா எடுத்துப்போகும் பையைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, மிச்சமிருந்த கற்பூரத்தைக் கடதாசியில் மடித்து அதற்குள் போட்டாள்.