ஒரு சுண்டு அரிசி

முதல் நாள் நான் களவெடுக்கவில்லை. வீட்டில் அரிசி முடிந்திருந்தது, கடைக்குப் போகப் பஞ்சியாக இருந்தது, அவர் பயிற்சிக்கென்று வைத்திருந்த பழைய முதுகுப்பைக்குள் இருபது கிலோ அரிசி மூட்டை கிடந்தது. ஒரு சுண்டு, கால் கிலோ வரும், அள்ளி உலையில் போட்டேன். அவ்வளவுதான்.

என் கணவர் விமலநாதன் அந்தப் பையைக் காவிக்கொண்டு எங்கள் வீட்டின் வெளிப்புற இரும்புப் படியில் தினமும் பத்துத் தடவை ஏறி இறங்குவார். ஐப்பசியில் மூஸ் மான் வேட்டை. அவரோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் லூக், வாகனம் போகாத மலைக்குள் ஐந்து நாள் கூடாரம் அடித்துத் தங்குவான். சுட்ட மிருகத்தை வெட்டி முதுகில் சுமந்துதான் இறக்கவேண்டும். பதினொரு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டும் அங்கே ஒருவரும் இவரை எங்கும் கூப்பிட்டதில்லை. இந்த முறை லூக் கூப்பிட்டதும் மனுசனுக்குத் தலைகால் தெரியவில்லை. வேட்டைச் சோதனையைப் பிரெஞ்சில் எழுதிப் பாஸ் பண்ணினார். குடியுரிமைச் சோதனைக்குக்கூட அப்படிப் படித்தவரில்லை. செம்மஞ்சள் அங்கியையும் இறைச்சி சுற்றும் துணிப்பைகளையும் வாங்கிவந்து கலியாணச் சீலைபோல எடுத்தெடுத்துப் பார்த்தார்.

போன மாசியில் பனி அள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் அவர். இரத்தக்குழாய்க்குள் கம்பிவலை வைத்தார்கள். நடக்கலாம், பாரம் தூக்குவதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றார் டொக்டர். இவர் கேட்கவில்லை.

படியில் அவர் மூச்சு வாங்கும் சத்தம் குசினி யன்னலால் உள்ளே வரும். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் கறி தாளிக்க முடியவில்லை. அதனால்தான் அடுத்த நாளும் ஒரு சுண்டு எடுத்தேன். பிறகு தினமும். குறைந்த இடத்தில் தலை துவட்டும் பழைய துவாய்களைச் செருகினேன். மூச்சுச் சத்தம் தணியத் தணிய எனக்கும் நெஞ்சு ஆறியது. எவ்வளவு பெரிய மடைச்சி நான்.

"பாத்தீரே மலர், இப்ப நிக்காமலே ஏறுறன்" என்று வந்து நிற்பார். வேர்வை வடியும் அந்த முகத்தில் அப்படியொரு சந்தோசம்.

ஆறாவது கிழமை, புதன்கிழமை, வேலையால் வந்ததும் சொன்னார். "பின்னந்தொடை ரெண்டையும் நான்தான் காவுவன் எண்டு லூக்குக்குச் சொல்லிட்டன். அவன் மற்ற ஆளை வரவேண்டாம் எண்டிட்டான். நாங்கள் ரெண்டு பேர்தான்."

 மூன்று நாளும் அரிசிக் கதையைச் சொல்லி அந்த முகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. அவர் ஏதோ ஒரு சரிவில் பாரத்தோடு குப்புற விழுந்து கிடப்பதும் கண்ணை விட்டுப் போகவில்லை. சனிக்கிழமை மத்தியானம், வேட்டைக்குக் கூட்டிப்போக லூக் வர அரை மணித்தியாலம் இருக்கையில், பழைய பையைத் திறந்து துவாய்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டேன்.

"இதென்ன?"

"நான்தான் எடுத்தனான். ஒரு நாளைக்கு ஒரு சுண்டு. இப்ப இதுக்குள்ள பத்துக் கிலோவும் இராது."

அவர் மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். சிரமமில்லாமல் வந்தது.

"அப்ப ஆறு கிழமையா நான் சோறெண்டு திண்டது இதையோ?"

"ஓம்."

ஏசுவார் என்று நினைத்தேன். கட்டிலில் போய் இருந்துவிட்டார்.

"லூக்குக்குச் சொல்லுங்கோவன்" என்றேன்.

"என்னெண்டு? மனுசி பாரத்தை அவிச்சுப்போட்டா எண்டோ? பிரெஞ்சில எனக்கு அதுக்குச் சொல் வராது." பிறகு நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "நான் போகாட்டி அவன் தனிய, மலர்."

கீழே வாகனம் ஹோர்ன் அடித்தது. அவர் ஒரு காலில் சப்பாத்தைப் போட்டிருந்தார். மற்றது என் மடியில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது. அதன் கயிற்றை மேல் துளையிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தேன். அவர் பறிக்கவில்லை. காலை நீட்டியபடி என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹோர்ன் இரண்டாந்தரம் அடித்தது. இன்னும் நாலு துளை மிச்சமிருந்தது.